நந்தி மலைப் பாதையில் நைனா

வியாழக்கிழமை ஜூடித் வந்து சொன்ன விஷயத்தைச் சரசு இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா சந்திரம்மாவிடம்கூட.

"மாமா எங்க கண் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, சரசு. ரெண்டு கண்ணுலயும் புரை. இனிமே ஸ்டியரிங்கையே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சரிசரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டாரு. வீட்ல சொன்னாரா?"

சொல்லவில்லை. அன்று சாயங்காலமும் அப்பா கம்பெனியின் பிளிமத் வண்டியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூடித் அவளுக்கு அண்ணி. அந்த நர்ஸை அண்ணன் இளங்கோவன் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து அப்பா பச்சைமுத்து மகனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பெங்களூர் அடுகோடியில், அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இளங்கோவன் மெக்கானிக்காக இருக்கும் ஒர்க் ஷாப். அந்தத் தெருவைத் தவிர்க்க அப்பா சுற்றிக்கொண்டு போவார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பேசிவிடுவது என்று சரசு நினைத்திருந்தாள். அதற்குள், அவளும் அப்பாவும் வேலை செய்யும் டூரிஸ்ட் கார் கம்பெனி ஆபீஸில் மானேஜர் சந்தானம் அவளுடைய டைப்ரைட்டர் மேல் ஒரு சீட்டை வைத்தார். வெளிநாட்டுத் தம்பதி. சனிக்கிழமை நந்தி மலை, ஞாயிற்றுக்கிழமை மைசூர். டிரைவர் பச்சைமுத்து.

"கைடு காய்ச்சல்னு படுத்துட்டான். இங்கிலீஷ் பேசத் தெரிஞ்ச ஆளுக்கு எங்கே போறது?" என்று அலுத்துக்கொண்டார் சந்தானம்.

"நான் போறேன் சார்" என்றாள் சரசு. தான் பக்கத்தில் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஹோட்டல் வாசலில், அப்பா பெருமையோடு முன்கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறும்மா. இன்னிக்கி நீதான் தொரசானி."

பின்சீட்டில் பென்ரோஸ் தம்பதி. அவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். கழுத்தில் கேமரா, கையில் ஒரு சின்னப் புத்தகம். பார்க்க வேண்டியதையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தார். பார்த்து முடித்ததும் ஒரு கோடு இழுப்பார். அந்த அம்மாள் அதிகம் பேசவில்லை. மடியில் நீல நூல்கண்டை வைத்துக்கொண்டு பின்னிக்கொண்டே வந்தார்.

எலகங்கா வரைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்பாவின் கைக்கும் காலுக்கும் அந்த ரோடு மனப்பாடம். யுத்தத்தில் பர்மா எல்லையில் லாரி ஓட்டிய மனுஷர்.

எலகங்கா தாண்டியதும் முன்னால் ஒரு கட்டை வண்டி போனது. வைக்கோல் பாரம். பத்து கஜம் இருக்கும்போதுதான் பிரேக் விழுந்தது.

சரசு டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். "வண்டி நைனா."

"தெரியுது, தெரியுது."

தேவனஹள்ளியில் இறங்கினார்கள். கோட்டைச் சுவரின் மேல் பென்ரோஸ் ஒரு பையனைப் போல ஏறி நடந்தார். திப்பு பிறந்த இடம் இது என்று கல் வைத்திருக்கிற மண்டபத்தின் முன் மனைவியை நிறுத்திப் படம் பிடித்தார். வாசலில் ஒரு கிழவி பம்பளிமாசு விற்றுக்கொண்டிருந்தாள். தலை அளவுக்கு ஒரு பழம் வாங்கி, அதைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். புத்தகத்தில் ஒரு கோடு விழுந்தது.

அப்பா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"உடம்பு சரியில்லயா?"

"பனிம்மா. கண்ணு கூசுது, அவ்ளோதான்."

இப்போது கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தாள். பின்கதவு திறந்த சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

மலை ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் பனி கெட்டியாக இறங்கியிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து வெயில் அடித்ததால் எதிரே எல்லாம் வெள்ளை வேட்டி விரித்த மாதிரி ஒரே வெள்ளை. சரசுவுக்கே முப்பது கஜத்துக்கு மேல் தெரியவில்லை.

பச்சைமுத்து வண்டியை நிறுத்தினார். இறங்கி முன் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார். ஏறி உட்கார்ந்து, நேராகவே பார்த்துக்கொண்டு, "சரசு" என்றார்.

"இன்னா நைனா?"

"ரோட்ட சொல்லிக்கினே வா."

அவள் இரண்டு நாளாக எப்படிக் கேட்பது என்று தவித்த கேள்விக்கு, அவரே பதில் சொல்லிவிட்டார்.

"வேணாம் நைனா. இங்கயே நிறுத்திடலாம். வண்டி ரிப்பேருன்னு சொல்லிடலாம்."

"என் வண்டி பதினாலு வருசத்துல ஒரு நாளு வழியில நின்னதில்ல. இன்னிக்கி நின்னா சந்தானம் ஏன்னு கேப்பான். மேல போயி பேசிக்கலாம். நீ சொல்லு, போதும்."

பின்னாலிருந்து பென்ரோஸ் எட்டிப் பார்த்தார். "ஏதாவது பிரச்சினையா?"

"ஒன்றுமில்லை சார். பனி விலகக் காத்திருந்தோம்" என்றாள் சரசு ஆங்கிலத்தில்.

வண்டி ஏறத் தொடங்கியது.

"வலது பக்கம் திருப்பு... இன்னும் கொஞ்சம்... நேராக்கு. இடது ஓரத்துல கல்லு இருக்குது, ஒட்டிப் போவாத." பிறகு பின்னால் திரும்பி, சிரித்த முகமாக, ஆங்கிலத்தில்: "கோடையில் தங்குவதற்காகத் திப்பு இந்த மலையின் மேல் ஒரு மாளிகை வைத்திருந்தார், சார். பின்னால் வந்த வெள்ளைக்காரர்களுக்கும் இந்தக் குளிர் பிடித்துவிட்டது."

"இடது வளைவு. பெருசு. செகண்டு போடு நைனா."

"மேலே இருக்கும் நந்தீஸ்வரர் கோயில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது என்கிறார்கள்."

"மாடு! மாடு ஒண்ணு நிக்குது. வலது பக்கமா போ. போயிடுச்சி."

பென்ரோஸ் ரசித்துச் சிரித்தார். "அப்பாவோடு என்ன இவ்வளவு பேச்சு?"

"வீட்டு விஷயம் சார்."

அப்பாவின் காக்கிச் சட்டை அந்தக் குளிரிலும் முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் அவள் சொன்னது சொன்னபடி கை திரும்பியது. ஒரு அங்குலம் கூடவில்லை, குறையவில்லை. இப்படியே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சரசு நம்பத் தொடங்கிய நேரம், மேலேயிருந்து ஹாரன் கேட்டது.

பனிக்குள்ளிருந்து பஸ்ஸின் மூஞ்சி வெளியே வந்தது.

"நைனா, பஸ்!"

"எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்வியைச் சரசு சாகும்வரை மறக்கமாட்டாள். ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பஸ் வருகிறது. அப்பா எந்தப் பக்கம் என்று கேட்கிறார்.

"நேரா வருது! இடது ஒடி! நிறுத்து, நிறுத்து!"

பிளிமத் இடது ஓரத்தில் கல்லை உரசிக் கிறீச்சிட்டு நின்றது. பம்பளிமாசு உருண்டு முன்சீட்டின் முதுகில் மோதியது. பஸ் ஒரு சாண் இடைவெளியில் கடந்து போனது. சரசு தன் பக்கத்து ஜன்னலில் குனிந்து பார்த்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் ரோடும் இல்லை, மரமும் இல்லை. பனி மட்டும்தான் இருந்தது.

பஸ் டிரைவர் தலையை நீட்டி, கண் தெரியவில்லையா என்று கன்னடத்தில் கத்தினான். "ஏனய்யா, கண்ணு காணிசல்வா?"

பச்சைமுத்து ஃபர்ஸ்ட் கியர் போட்டார்.

"மெதுவா எடு நைனா" என்றாள் சரசு. "இன்னும் கொஞ்சம் தூரந்தான்."

பின்சீட்டில் அந்த அம்மாளின் பின்னல் ஊசி நின்றுபோயிருந்தது.

மலை உச்சியில் பனிக்கு மேலே பளிச்சென்று வெயில். பென்ரோஸுக்குத் தலைகால் புரியவில்லை. கீழே மேகம் கடல் மாதிரி கிடக்கிறது என்று மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். திப்பு காலத்தில் குற்றவாளிகளைத் தள்ளிவிட்டதாகச் சொல்லப்படும் செங்குத்துப் பாறைக்கு வந்ததும், கம்பியில் வயிற்றை அழுத்திக்கொண்டு, கேமராவோடு குனிந்தார்.

சரசு பத்தடி தள்ளி நின்றாள். திருமதி பென்ரோஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றார். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உன் அப்பாவுக்கு எத்தனை நாளா கண்ணு தெரியாது?"

தமிழ். கொஞ்சம் துருப்பிடித்த தமிழ், ஆனால் சுத்தமான தமிழ்.

சரசு வெடுக்கென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"குன்னூர்லதான் நான் பொறந்தேன். பதிமூணு வயசு வரைக்கும் இந்தப் பாஷைதான் ஜாஸ்தி பேசினேன். அம்பது வருஷம் ஆச்சு. மறந்து போச்சுன்னு நெனச்சேன். நீ முதல் வளைவு சொன்னதும் எல்லாம் திரும்பி வந்துடுச்சு."

"அம்மா..."

"மாடு, கல்லு, பஸ். எல்லாம் கேட்டேன். நடுவுல நான் கத்தினா அவர் கை தப்பும். அதனால வாயை மூடிட்டு உட்கார்ந்தேன்." அந்த முகம் வெளுத்திருந்தது. கோபத்தால் வெளுத்திருந்தது என்பது சரசுவுக்கு அப்போதுதான் புரிந்தது. "கீழே நின்னப்போ என் புருஷன் உன்னைக் கேட்டார். நீ பனின்னு சொன்னே. சிரிச்சிட்டே சொன்னே."

"தப்புதாம்மா. எங்கப்பாவுது இல்ல, என்னுது. எனக்கு முன்னாடியே தெரியும்."

"இந்த ஊரைப் பாக்கத்தான் வந்தோம். இங்க சாகறதுக்கு வரலை." அவர் சால்வையை இறுக்கிக்கொண்டார். "அந்த வண்டியில அவர் ஓட்டினா நான் ஏறமாட்டேன். என் புருஷனையும் ஏத்தமாட்டேன். வேற ஆள் கொண்டு வா. கம்பெனிக்கு எழுதறதா வேண்டாமா, அதை அப்புறம் பாக்கறேன்."

வேறு ஆளுக்கு எங்கே போவது? கம்பெனிக்குப் போன் செய்தால் ஏன் என்று கேட்பார்கள். சரசு யோசித்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. மலைமேல் இருந்த தபாலாபீஸில் டிரங்க் கால் போட்டாள். அடுகோடி ஒர்க் ஷாப்பில் போன் கிடையாது. பக்கத்து மரக்கடைக்குத்தான் பேச வேண்டும். முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு அண்ணனின் குரல் வந்தது.

"நைனாவுக்கு இன்னா?"

"உயிரோட இருக்காரு. நந்தி மலைக்கு வாண்ணா. லைசென்ஸ எடுத்துக்கினு வா."

அவன் வேறொன்றும் கேட்கவில்லை.

அப்பா வண்டியின் நிழலில், இடது மட்கார்டில் விழுந்த கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்தார். சரசு எல்லாவற்றையும் சொன்னாள். ஜூடித் சொன்னதை, அந்த அம்மாள் தமிழில் பேசியதை.

"மொத்தமும் கேட்டாங்களா?" அப்பா தலை குனிந்துகொண்டார்.

"கேட்டாங்க. அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன். வந்துக்கினு இருக்குது."

பச்சைமுத்து எழுந்துவிட்டார். "யாரைக் கேட்டுக் கூப்புட்ட?"

"யாரையும் கேக்கல."

"அவன் கையில என் வண்டியா? அதுக்கு நான் இந்தப் பாறையிலேருந்து குதிக்கலாம்."

"குதிக்கத்தான் பாத்தோம் நைனா. நாலு பேரும் சேர்ந்து." சரசுவுக்கு அழுகை முட்டியது. அதை அடக்கிக்கொண்டு சொன்னாள். "எந்தப் பக்கம்னு கேட்டியே. அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்லியிருப்பேன்?"

அவர் சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, படியில் போய் உட்கார்ந்தார்.

நேரம் நகராமல் கிடந்தது. வண்டிக்குச் சின்ன ரிப்பேர், மெக்கானிக் வருகிறான் என்று அந்த அம்மாளே கணவரிடம் சொல்லிவிட்டிருந்தார். பென்ரோஸுக்கு அதில் சந்தோஷம்தான். படிக்கட்டு இறங்கும் குளத்தையும், கோயில் தூண்களையும், மதிலின் மேல் உட்கார்ந்து கண்ணாடியைப் பிடுங்க வந்த குரங்கையும் படம் பிடித்தார். மத்தியானம் பம்பளிமாசை உரித்தார்கள். சரசுவின் கையிலும் நாலு சுளை வைத்தார் அந்த அம்மாள். முகம் மட்டும் இளகவில்லை.

ஒன்றரை மணிக்கு மேல் இளங்கோவன் வந்தான். சிக்கபள்ளாப்பூர் போகிற லாரியில் அடிவாரம் வரை வந்து, மிச்சத்தைச் சுல்தான்பேட்டைப் படிகளில் ஏறியே வந்திருந்தான். ஆயிரம் படிக்கு மேல். கிரீஸ் கறை படிந்த சட்டை நனைந்து தொங்கியது. அப்பாவுக்கு முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கினான்.

"நைனா, சாவி குடு."

பச்சைமுத்து அவன் பக்கம் திரும்பவில்லை.

"நான் உன் வீட்டுக்கு வர்றேன்னு கேக்கல. சோறு கேக்கல. இவங்கள கீழ எறக்கி விட்டுட்டுப் போயிடறேன்."

சற்றுத் தள்ளி வெள்ளைக்காரத் தம்பதி காத்திருந்தார்கள். பென்ரோஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பஸ்காரன் கன்னடத்துல கேட்டானே" என்றார் பச்சைமுத்து. யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "பதினாலு வருசம் இந்த மலை ஏறியிருக்கேன். என்னை எவனும் அப்படிக் கேட்டதில்ல."

சரசுவைக் கூப்பிட்டார். மூடிய கையை அவள் கையின் மேல் வைத்துத் திறந்தார். சாவி சூடாக இருந்தது.

"நீ குடு அவனுக்கு."

இறங்கும்போது சரசு பின்சீட்டில் அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா முன்சீட்டில், இடது பக்கம். அந்த வண்டியில் அவர் அந்த இடத்தில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலின் மேல் வைத்திருந்தார்.

இளங்கோவன் இந்தப் பாதையில் ஓட்டியதில்லை. முதல் வளைவில் கொஞ்சம் வேகமாக இறங்கினான்.

"கியர மாத்து" என்றார் பச்சைமுத்து.

இளங்கோவன் மாற்றினான்.

"அடுத்தது ஒடிச்சல் ஜாஸ்தி. ஹாரன் அடிச்சிக்கினே திரும்பு. பிரேக்க மிதிச்சிக்கினே இருக்காத, சூடாயிடும்."

"சரி நைனா."

திருமதி பென்ரோஸ் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஊசி நிற்கவில்லை.

ஹோட்டல் வாசலில் இறங்கியபோது மணி ஐந்து. அந்த அம்மாள் சரசுவைத் தனியாக அழைத்தார். "நாளைக்கு மைசூர். காலையில வண்டிக்கு முன்னாடி நீ வா. யார் ஓட்டறாங்க, அவருக்குக் கண்ணு தெரியுமா, ரெண்டும் நீயே சொல்லு. பொய் சொன்னா எனக்குத் தெரியும்."

சரசு தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். போர்ட்டிகோ தூணருகே மானேஜர் சந்தானம் நின்றுகொண்டிருந்தார். நாளைய ஏற்பாட்டைப் பேச வந்தவர். வண்டியின் வலது கதவிலிருந்து கிரீஸ் சட்டையோடு ஒருவன் இறங்குவதையும், இடது மட்கார்டின் கீறலையும் பார்த்துவிட்டிருந்தார்.

"மூணு பேரும் ஆபீஸுக்கு வாங்கோ" என்றார்.

ஆபீஸில் அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று சரசுவுக்குத் தோன்றியது. பச்சைமுத்து கண் விஷயத்தைத் தானே சொன்னார். சந்தானம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வெளியாள் ஓட்டினான்னு தெரிஞ்சா முதலாளி என்னையும் சேர்த்து அனுப்பிடுவார். இதுக்கு ஒரே வழிதான் இருக்கு, பச்சைமுத்து." மேஜை இழுப்பறையிலிருந்து அன்றைய ஓட்டத்துக்கான டிரிப் ஷீட்டை எடுத்து, தானே நிரப்பினார். "இதுல கையெழுத்துப் போடு. நாளையிலிருந்து உடம்பு முடியலைன்னு லீவுல போ. மரியாதையா ரிட்டயர் பண்ணி அனுப்பிடறேன். பொண்ணு வேலைக்கும் ஒண்ணும் வராது."

"போடலைன்னா சார்?" என்றான் இளங்கோவன்.

"நீ அனுமதியில்லாம கம்பெனி வண்டியை எடுத்தேன்னு உன் பேர்ல போலீஸ்ல எழுதிக் கொடுக்கறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லே."

பச்சைமுத்து காகிதத்தை முகத்தருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். பிறகு சரசுவிடம் நீட்டினார்.

"படிம்மா."

சரசு படித்தாள். "தேதி இருபத்தொண்ணு, ஒண்ணு, அறுபத்தொண்ணு. நந்தி மலை, போக வர. போகும்போது ஓட்டியவர், பச்சைமுத்து. வரும்போது ஓட்டியவர்..." அவள் நிறுத்தினாள். "பச்சைமுத்து."

சந்தானம் பேனாவைத் திறந்து நீட்டினார். இளங்கோவன் அப்பாவின் காதருகே குனிந்தான். "போட்டுடு நைனா. எனக்கு ஒண்ணுமில்ல. போட்டுடு."

பச்சைமுத்து பேனாவை வாங்கினார். மேஜை விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, பேனாவை அங்கே வைத்தார்.

"சார், மலை எறங்கும்போது வண்டி ஓட்டினது நான் இல்ல" என்றார். "என் மகன். பேரு இளங்கோவன். அத எழுதுங்க. கையெழுத்து எங்கன்னு சரசு காட்டும், போடறேன்."

சந்தானம் அவரையே பார்த்தார். பிறகு கையை நீட்டி, டெலிபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.